நாளைக்கு என்னாகும்னு சாமிகிட்ட கேக்கலாமா?

இந்த மாசம் வந்த தபாலையும் வாட்ஸ்ஆப்பையும் பிரிச்சுப் பாத்தா எல்லாமே ஒரே ராகம். ரிசல்ட் வந்த நேரம், ஃபீஸ் கட்டுற நேரம், ஆடி பொறக்குறதுக்குள்ள கல்யாணப் பேச்ச முடிச்சிரணும்ங்கிற அவசரம், எல்லாம் சேந்து எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான்: சாமி எனக்கு என்ன வச்சிருக்கு, அத எப்படித் தெரிஞ்சுக்கிறது? அதனால சமையல் சந்தேகம், மாமியார் பஞ்சாயத்து எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. முன்கூட்டியே சொல்லிர்றேன், நான் ஜோசியம் பாக்குறவ இல்ல, சாமி வந்து ஆடுறவளும் இல்ல. ஆடி வீதியில சுத்தி வந்து பொற்றாமரைக் குளத்துப் படியில செத்த நேரம் உக்காந்துட்டு வர்ற ஆளு, அம்புட்டுதான். பேர் வேண்டாம்னு நெறைய பேர் கேட்டதால யாரு பேரையும் போடல.

வாசகி, திருமங்கலம்: அக்கா, எனக்கு 27 வயசு. எம்எஸ்சி முடிச்சிட்டு நாலு வருஷமா குரூப் 4, குரூப் 2ன்னு எழுதிக்கிட்டே இருக்கேன், போன தடவ கொஞ்ச மார்க்குல போச்சு. இப்ப ஒரு பிரைவேட் ஸ்கூல்ல வேலைக்கு கூப்பிடுறாங்க. அப்பா போங்கிறாரு, எனக்கு இன்னொரு தடவ எழுதிப் பாக்கணும். அம்மா குலசாமி கோயில்ல பூ போட்டுப் பாத்தாங்க. முதல்ல சிவப்பு வந்துச்சு, அடுத்து வெள்ளை, மறுபடி சிவப்பு. எனக்கு ஏழரைச் சனி வேற நடக்குதாம். சாமி என்னதான் சொல்லுதுன்னு புரியாம ராத்திரி தூக்கமே வரலக்கா.

தங்கச்சி, உன் லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். சிவப்பு வந்துச்சு வெள்ளை வந்துச்சுன்னு எழுதிருக்கியே தவிர, என்ன கேட்டு பூ போட்டீங்கன்னு எங்கயுமே எழுதல பாரு. சிவப்பு எதுக்கு, வெள்ளை எதுக்கு? ஸ்கூலுக்குப் போறதுக்கா, பரீட்சைக்கா, இல்ல உங்கம்மா மனசுக்குள்ள உன் கல்யாணத்த நெனச்சு போட்டாங்களா? ஒரே பொட்டலத்துக்கு ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டா சாமி யாருக்குன்னு பதில் சொல்லும்.

பூ போடுறத நான் கேலி பண்ணல. எங்க பக்கமும் உண்டு. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவப்புப்பூ ஒரு பொட்டலம், எது வந்தா சரின்னு முதல்லயே நெனச்சுக்கிட்டு, பூசாரி குலுக்கி சாமி காலடியில போட்டதும் வெவரம் தெரியாத ஒரு புள்ளையக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவாங்க, அந்தப் புள்ள ரெண்டையும் பாத்துட்டு கூட்டத்தப் பாத்து முழிக்கும், அம்புட்டு பேரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அப்ப என்ன வந்தாலும் ஒத்துக்குறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் அந்தக் காலத்துல போட்டாங்க. ஒரு தடவ கேட்டா உத்தரவு, மூணு தடவ கேட்டா பேரம். உங்க வீட்ல நடந்தது பேரம்.

அப்புறம் இந்த ஏழரைச் சனி. நீ மதுரைப் பக்கத்துப் புள்ள, நம்ம ஊர் கதையவே சொல்றேன். 7ஆம் நூற்றாண்டுல திருஞானசம்பந்தர் வேதாரண்யத்துல இருக்காரு. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசி மதுரைக்கு வாங்கன்னு ஆள் அனுப்புறாங்க. கூட இருந்த அப்பர் வயசுல பெரியவரு, எதிராளிங்ககிட்ட ஏற்கனவே படாத பாடு பட்டவரு, நாளும் கோளும் சரியில்ல இப்ப போகவேண்டாம்னு தடுக்குறாரு. அதுக்கு சம்பந்தர் சொன்ன பதில்தான் கோளறு பதிகம். நாம என்ன செய்றோம், சனிப்பெயர்ச்சி வந்துட்டா அந்தப் பதிகத்த பிரிண்ட் எடுத்து பூஜை ரூம்ல ஒட்டிட்டு, இதப் பாடினா கஷ்டமே வராதுன்னு நெனச்சுக்கிறோம். பாடினவருக்கு என்னாச்சு? மதுரைக்கு வந்து தங்கின மடத்துக்கே தீ வச்சாங்கன்னு பெரியபுராணம் சொல்லுது. வாதத்துல வைகையில விட்ட அவரு பாட்டு ஏடு தண்ணிய எதிர்த்துப் போயி திருவேடகத்துல ஒதுங்குனது எல்லாம் அதுக்கும் பின்னாடி. பதிகம் பூராவும் தேடிப்பாரு, எனக்கு இன்னின்னது நடக்கும்னு ஒரு வரி இருக்காது, ஈசன் உள்ளத்துல புகுந்துட்டான், அதனால ஞாயிறு திங்கள்ல இருந்து பாம்பு ரெண்டு வரைக்கும் எல்லாம் நல்லதுதான், இதத்தான் திருப்பித் திருப்பி சொல்லுவாரு. வழியில என்ன இருக்குன்னு கேட்டுட்டு கெளம்பல, யாரு கூட இருக்கான்னு பாத்துட்டு கெளம்புனாரு. நீ அதுக்கு நேர்மாறா, என்ன நடக்கும்னு எழுதிக் குடுத்தாதான் கால எடுத்து வைப்பேன்னு உக்காந்திருக்க.

இனி விஷயத்துக்கு வருவோம். வேலையும் பரீட்சையும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு யாரு சொன்னது? போன தடவ எங்க மார்க் போச்சுன்னு முதல்ல பாரு. குரூப் 4ல 200 கேள்வி 300 மார்க்கு, அதுல தமிழ் 100 கேள்வி, அந்தப் பகுதியில 150க்கு 60 எடுக்கலன்னா மத்தத திருத்தவே மாட்டாங்க, இது உனக்கே தெரியும். கணக்குல போச்சா, பொது அறிவுல போச்சா, நேரம் பத்தலையா? அது தெரிஞ்சா எவ்வளவு நேரம் படிக்கணும்னு தெரிஞ்சிரும். ஸ்கூல்ல சேரு, கையில உன் காசு வரட்டும், வெள்ளன எந்திரிச்சு படி, ஒரு தடவ எழுது. அதுக்கப்புறமும் எழுதணுமான்னு அப்ப பேசிக்கலாம். அம்மாகிட்ட இனிமே பூ போட வேண்டாம், எனக்காக ஒரு வெளக்கு மட்டும் போடுங்கன்னு சொல்லு, அவங்களுக்கும் ஏதாவது செஞ்ச மாதிரி இருக்கும்.

வாசகர், சிம்மக்கல்: ஊமச்சிகுளம் பக்கம் ஒரு இடம் வாங்கலாம்னு வீட்ல பேசிக்கிட்டு இருந்தப்ப கரெக்டா பல்லி சொல்லுச்சு. கடவுள் சரின்னு சொல்றாருன்னு எடுத்துக்கலாமா?

எங்க வீட்ல ட்யூப்லைட்டுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்குண்ணே, பூச்சி கெடச்சாலும் கத்தும் கெடைக்கலன்னாலும் கத்தும். இடத்துக்கு பல்லிய கேக்காதீங்க, 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க, பத்திரப்பதிவுத் துறை சைட்லயே பாக்கலாம். தாய்ப்பத்திரத்த ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. பட்டா யாரு பேர்ல இருக்குன்னும் பாத்துருங்க, நம்ம ஊர்ல பாதி வில்லங்கம் அங்கதான் படுத்திருக்கு.

வாசகி, அண்ணாநகர், மதுரை: சிஸ்டர், என் கணவருக்கு 54 வயசு, சுகர் இருக்கு. ஆஞ்சியோ எடுத்ததுல மூணு இடத்துல அடைப்பு, பைபாஸ் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. எங்க சபைக்கு வந்த ஒரு ஊழியக்காரர் ஜெபத்துல "இந்த சரீரத்துல கத்தி படக்கூடாது, கர்த்தர் சுகமாக்குவார்"னு சொல்லிட்டுப் போயிட்டார். இவரு அதையே பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறார். ஆபரேஷனுக்குப் போனா விசுவாசம் இல்லாதவங்கன்னு ஆயிருமோன்னு எனக்கும் பயமா இருக்கு.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கம்மா. மீதிய அப்புறம் படிச்சுக்கலாம்.

நான் கிறிஸ்தவ வீட்ல பொறந்தவ இல்ல, ஆனா கான்வென்ட்ல படிச்சவ, அங்க மனசுல பதிஞ்ச ரெண்டு கதை இருக்கு, உங்க பைபிள்லயே எடுத்துப் பாருங்க. ரெண்டாம் ராஜாக்கள் 20ஆம் அதிகாரம், எசேக்கியா ராஜா சாகக் கெடக்குறாரு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்து அழுது ஜெபம் பண்றாரு, கர்த்தர் கேட்டுட்டாரு, இன்னும் 15 வருஷம் குடுக்குறேன்னு ஏசாயா மூலமா சொல்லியும் விட்டாரு. வாக்குத்தத்தம் வந்தாச்சுல்ல, அதோட விட்டாரா ஏசாயா? அத்திப்பழத்து அடையக் கொண்டாங்கன்னு சொல்லி அத கொப்புளத்து மேல பத்துப் போடச் சொல்றாரு, அதுக்கப்புறம்தான் பொழச்சாருன்னு எழுதிருக்கு. கடவுளே நேரா சொன்ன இடத்துலயும் மருந்து வந்திருக்கு. லூக்காவ பவுல் பிரியமான வைத்தியன்னுதான் கூப்பிடுறாரு, வைத்தியத்த விட்டுட்டு வான்னு சொன்னதா எங்கயும் இல்ல.

ரெண்டாவது கதை இன்னும் முக்கியம். பிசாசு இயேசுவ தேவாலயத்து உச்சியில நிறுத்தி, கீழ குதி, தூதர்கள் தாங்கிக்குவாங்கன்னு எழுதிருக்குல்லன்னு கேக்குது. வசனத்த வச்சே கேக்குது, அதக் கவனிங்க. கர்த்தரப் பரீட்சை பாக்காதேன்னு அவரு பதில் சொல்லிட்டு, குதிக்காமத்தான் நின்னாரு. அங்க குதிக்காதது விசுவாசக் குறைச்சலா? உங்க வீட்டுக்காரர மாடியில நிக்க வச்சு குதிங்க, கர்த்தர் தாங்குவாருன்னு சொல்லிட்டு, சொன்னவரு அடுத்த ஊர் கூட்டத்துக்குப் போயிட்டாரு. ஏதாவது ஆனா ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆட்டோ தேடி ஓடப்போறது நீங்க.

உங்க வீட்டுக்காரர் பயப்படுறாருன்னுதான் எனக்குத் தோணுது. ஆம்பளைங்க பயம்னு வாயத் தொறந்து சொல்லமாட்டாங்க, அந்த நேரம் பாத்து ஒருத்தர் கத்தி வேண்டாம்னு சொன்னா அது அமிர்தமா இருக்கும். அவருகிட்ட விசுவாசத்தப் பத்தி சண்டை போடாதீங்க. நெஞ்சப் பிளப்பாங்களா, எத்தன நாள் படுக்கணும், திரும்ப வேலைக்குப் போக முடியுமா, இதையெல்லாம் டாக்டர்கிட்ட அவரே கேக்குற மாதிரி ஒரு தடவ உக்கார வைங்க. உங்க பாஸ்டர் நல்லவருன்னா அவரையும் கூட கூட்டிட்டுப் போங்க, ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஜெபம் பண்ணட்டும், அங்க பண்ற ஜெபமும் ஜெபம்தான். செலவப் பத்தி நீங்க எழுதல, இருந்தாலும் சொல்றேன். வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை வரும், பைபாஸ் அதுல இருக்கு. கார்டு இல்லன்னா விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி ரேஷன் கார்டோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு கவுன்டருக்குப் போங்க. நம்ம பெரியாஸ்பத்திரியிலயும் இருதயப் பிரிவு இருக்கு. நல்லபடியா முடிஞ்சதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, காத்துக்கிட்டு இருப்பேன்.

வாசகி, கோரிப்பாளையம்: மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு, நல்ல எடமாத்தான் தெரியுது. இஸ்திகாரா தொழுதுட்டு தினமும் படுக்குறேன், கனவே வரல. அல்லாஹ்வோட விருப்பம் என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மார்க்க விஷயத்துல உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்றதுதான் முறை, அவரையும் கேளுங்கம்மா. ஆனா எனக்குத் தெரிஞ்ச பாய் வீட்டு அக்கா ஒருத்தங்க அந்த துஆவோட அர்த்தத்த எனக்கு வரி வரியா சொல்லிருக்காங்க. ரெண்டு ரக்அத் தொழுதுட்டு என்ன கேக்குறோம்? இது எனக்கு நல்லதுன்னா லேசாக்கு, கெடுதல்னா இத என்னவிட்டு திருப்பு, என்னையும் இதவிட்டு திருப்பு, நல்லது எங்க இருக்கோ அதக் குடு, அதுல எனக்கு மன நிறைவையும் குடு. இதுல கனவு காட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கா? எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும், அதனால உன் பொறுப்புன்னு விடுற துஆ அது. விட்டுட்டு மறுபடி ராத்திரி ராத்திரி கனவுல ரிசல்ட் பாக்க உக்காந்தா எப்படி.

தொழுதாச்சு, இனி கால்ல செருப்ப மாட்டுங்க. பையன் வேலை பாக்குற எடத்துல, முன்னாடி குடியிருந்த தெருவுல ரெண்டு பேர விசாரிக்கச் சொல்லுங்க. விசாரிக்கப் போன எடத்துல வர்ற தகவலும் அவன் காட்டுற வழிதான். நிக்காஹ்ல பொண்ணோட சம்மதம் கேக்காம ஒண்ணும் நடக்காது, அத பந்தல்ல வச்சு கேக்குறதுக்கு முன்னாடி இன்னைக்கு அடுப்படியில வச்சு கேளுங்க.

வாசகர், மேலூர் பக்கம்: அக்கா, ஒம்போதாவது வரைக்கும்தான் படிச்சேன், கொத்தனார் வேலை. கடன் ஆயிருச்சு. கோடாங்கிகிட்ட குறி கேட்டதுல கடல் தாண்டி கெழக்க போனா விடியும்னு சொல்லிட்டாரு. ஒரு ஏஜென்ட் மலேசியாவுக்கு 1,80,000 கேக்குறாரு, முதல்ல டூரிஸ்ட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாங்கிறாரு. மனைவி நகைய வைக்கணும். சாமி சொன்னத நம்பிப் போகலாமா?

கோடாங்கி உடுக்கைய அடிச்சு கெழக்கன்னு சொன்னாரு, சரி. எந்த ஏஜென்ட்டுன்னு சொன்னாரா? டூரிஸ்ட் விசாவுல போன்னு கருப்பசாமி சொல்லுச்சா? தம்பி, கெழக்குங்கறது சாமி சொன்னதாவே இருக்கட்டும், 1,80,000ங்கறது அந்த ஆளு சொன்னது. ரெண்டையும் ஒரே தட்டுல வச்சு கும்பிடாத.

பத்தாவது முடிக்காததால உன் பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு, அதாவது குடியேற்ற அனுமதி வேணும்னு, குறிச்சிருக்கும். மலேசியா, சவுதி, துபாய் மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போக உனக்கு குடியேற்ற அனுமதி வாங்கணும், அது இல்லாம டூரிஸ்ட்டா போயி வேலை செஞ்சா அங்க நீ திருட்டுத்தனமா இருக்குற ஆளு, சம்பளம் குடுக்கலன்னாலும் வாயத் தொறக்க முடியாது, பிடிபட்டா ஜெயிலு. அரசாங்கத்துல பதிவு பண்ண ஏஜென்ட்டுங்க லிஸ்ட் இ மைக்ரேட் சைட்ல இருக்கு, அந்த ஆளோட லைசென்ஸ் நம்பர வாங்கி அதுல தேடிப் பாரு. பதிவு பண்ணவங்க சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு சட்டம். முறையா போறவங்களுக்கு 10 லட்ச ரூபாய் இன்சூரன்ஸ் உண்டு, ரெண்டு வருஷத்துக்கு பிரீமியம் வெறும் 275 ரூபா. இதெல்லாம் அந்த ஏஜென்ட் உங்கிட்ட பேசினாரா?

இன்னொரு வழியும் இருக்கு. அந்த ஆள அழகர்கோயிலுக்கு கூட்டிட்டுப் போ, பதினெட்டாம்படிக் கருப்பு கதவு முன்னாடி நிக்க வச்சு "இந்தத் தம்பிக்கு வேலை உறுதி"ன்னு சத்தியம் பண்ணச் சொல்லு. நம்ம பக்கத்து ஆளா இருந்தா அவரு வண்டி அழகர்கோயில் ரோட்டுக்கே திரும்பாது. வெளிநாடு போகாதன்னு சொல்லல, கருப்பு காவல் இருக்கும்னு நம்பிப் போ, ஆனா சரியான பேப்பரோட போ. பொண்டாட்டி கழுத்துல இருக்கிறத கழட்டுறதுக்கு முன்னாடி அவகிட்டயும் ஒரு வார்த்தை குறி கேளு, வீட்டுக் குறிதான் பல தடவ பலிக்குது.

வாசகர், உசிலம்பட்டி: அழகர் பச்சைப்பட்டு கட்டி ஆத்துல எறங்குனா அந்த வருஷம் வெளச்சல்னு சொல்றாங்க. பச்சை கட்டுன வருஷமும் எங்க கண்மாய் காஞ்சுதான் கெடந்துச்சு. என்ன அர்த்தம்?

உங்க கண்மாய் 58 கிராமக் கால்வாய்ல இருக்குன்னா அழகர் கையில மட்டும் இல்லண்ணே, வைகை அணையில 71 அடியில 67 அடி நெறஞ்சாத்தான் அந்தக் கால்வாய்க்கு தண்ணி ஏறும், அப்பவும் தெறந்து விடச்சொல்லி மனு குடுக்கணும், மறியல் பண்ணணும். சித்ரா பௌர்ணமிக்கு விடிகாலையில, பெட்டிக்குள்ள பாக்காம கைய விட்டு பட்டர் எடுக்குற பட்டு பச்சையான்னு லட்சம் பேர் எக்கி எக்கிப் பாக்குறோம், பச்சைன்னதும் ஒரு சத்தம் கெளம்பும் பாருங்க, அந்தச் சத்தத்துக்காகவே நான் போவேன். 2020லயும் 2021லயும் கொரோனாவுல அழகர் ஆத்துக்கே வரல, அந்த வருஷமும் நம்மாளுக வெதச்சாங்க. பட்ட பாத்துட்டு வெதைக்கிறவன விட வெதச்சிட்டு பட்டு பாக்கப் போறவன்தான் சம்சாரி.

வாசகர், பேரையூர் பக்கம்: எனக்கு 21 முடிஞ்சிருச்சு. சின்ன வயசுல இருந்து ஆர்மிதான் கனவு. ரெண்டு தடவ ஓட்டம் எல்லாம் பாஸ் ஆகி மெடிக்கல்ல காதுல ஓட்டைன்னு ரிஜெக்ட். இப்ப அக்னிவீருக்கு வயசும் தாண்டிருச்சு. கூட ஓடுனவங்க எல்லாம் யூனிஃபார்ம்ல ஸ்டேட்டஸ் போடுறாங்க. பாண்டி முனீஸ்வரருக்கு கிடா வெட்டுறேன்னு வேண்டிருந்தேன். கடவுள் எனக்கு எல்லா கதவையும் சாத்திட்டாரு.

எல்லா கதவையும்னு எழுதாத தம்பி, ஒரு கதவு. அது பெரிய கதவு, வலிக்கத்தான் செய்யும், அழுதாலும் தப்பில்ல. அந்த ஸ்டேட்டஸ கொஞ்ச நாளைக்கு மியூட் பண்ணி வை.

உடம்பு சரியில்லன்னு ஆர்மியில இருந்து திருப்பி அனுப்பப்பட்ட இன்னொருத்தர் கதை சொல்றேன். 1918ல கரிசக்காட்டு கிராமத்துல பொறந்தவரு. சொந்தத்துல பொம்பளைங்க பிரசவத்துல செத்ததப் பாத்துட்டு பிரசவ டாக்டர் ஆகணும்னு வைராக்கியமா படிச்சாரு, ராணுவத்துல டாக்டரா சேந்தாரு. முடக்குவாதம் வந்து கை கால் வெரலு எல்லாம் கோணிப்போச்சு, படுத்த படுக்கை, 1948ல ராணுவத்துல இருந்து அனுப்பிட்டாங்க. அந்த வெரல வச்சு பிரசவம் பாக்க முடியாது. ரெண்டு கனவும் போச்சு. அப்புறம் கண்ணு வைத்தியம் படிக்கப் போனாரு, கோணல் வெரலுக்குள்ள கத்தி நிக்கிற மாதிரி பழகி பழகி ஒரு லட்சத்துக்கு மேல கண்ணு ஆபரேஷன் செஞ்சாரு. 58 வயசுல கவர்மென்ட் வேலையில ரிட்டயர்ட் ஆகிட்டு 1976ல மதுரையில ஒரு வீட்ல 11 படுக்கையோட ஆரம்பிச்சதுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் ஜி. வெங்கடசாமி, டாக்டர் வின்னு சொல்லுவாங்க. அரவிந்தர், அன்னை மேல பெரிய பக்தி, ஆஸ்பத்திரி பேரே அப்படி வந்ததுதான். உங்க ஊர்லயே அவங்க கேம்ப்ல கண்ணாடி வாங்குன அப்பத்தா ஒண்ணாவது இருக்கும், கேட்டுப்பாரு. 1948க்கும் 1976க்கும் நடுவுல 28 வருஷம், அந்த நாள்லயும் அவரு ஓபி பாத்துருக்காரு, கிராமம் கிராமமா கேம்ப் போட்டுருக்காரு. நீயும் பெரிய ஆஸ்பத்திரி கட்டுவேன்னு சொல்ல வரல, கட்டமாட்டேன்னும் எனக்குத் தெரியாது. படுக்கையில கெடந்தப்ப 1976 அவருக்குத் தெரியல, அம்புட்டுதான் கதை.

நீ செய்ய வேண்டியது இந்த வாரமே ஈஎன்டி டாக்டர்கிட்ட காதக் காட்டுறது. காது சவ்வுல ஓட்டைன்னா ஆபரேஷன்ல அடைக்க வழி இருக்கு, உனக்கு அது ஒத்து வருமான்னு அவங்க பாத்து சொல்லணும். ஆர்மிக்கு வயசு போனாலும் நம்ம ஸ்டேட் போலீஸ்ல கான்ஸ்டபிளுக்கு பொதுப்பிரிவுக்கு 26, பிசி எம்பிசிக்கு 28, எஸ்சி எஸ்டிக்கு 31 வரைக்கும் எடுத்திருக்காங்க, அடுத்த நோட்டிபிகேஷன்ல என்ன போட்டிருக்குன்னு பாத்துக்க. ஓட்டத்த மட்டும் நிறுத்திராத. கிடா விஷயம், பாண்டி முனி அவசரப்படாது, நீயும் அவசரப்படாத.

வாசகி, செல்லூர்: கண்ணு, எனக்கு 66 ஆச்சு. புருசன் போய்ச் சேந்துட்டாரு, புள்ள குட்டி இல்ல. வீட்டு வாசல்ல பணியாரம், இட்லி போட்டுத்தான் பொழப்பு. இத்தன வருசமா மீனாச்சிய நம்பித்தான் இருக்கேன், இப்ப முட்டி வலி வந்ததுல இருந்து நாளைக்கு கை காலு விழுந்துட்டா யாரு பாப்பாங்கன்னு ராவெல்லாம் ரோசனை. நம்பிக்கை கொறஞ்சிருச்சோன்னு இருக்கு. பக்கத்து வீட்டுப் புள்ளய எழுதச் சொல்லி அனுப்புறேன்.

ஆத்தா, ராத்திரி பயம் வந்தா நம்பிக்கை கொறஞ்சிருச்சுன்னு யாரு சொன்னா உங்களுக்கு. பிட்டுத்தோப்பு உங்களுக்கு எட்டுற தூரந்தான், ஆவணி மூலத்துக்கு போயிருப்பீங்க, வந்திக் கெழவி கதை உங்களுக்குத் தெரியாததா. வைகை ஒடச்சுக்கிட்டு வருது, வீட்டுக்கு ஒரு ஆளு கரையடைக்கணும்னு பாண்டியன் உத்தரவு, அவளுக்கு அனுப்ப ஆளு இல்ல. சொக்கான்னு அழுதா, சொக்கனே கூலியாளா வந்து நின்னான். அழுதவ நம்பிக்கை இல்லாதவளா? எனக்கு அந்தக் கதையில பிடிச்ச எடம் பிரம்படி இல்ல. வந்தவனும் ஒழுங்கா வேலை செய்யல, பிட்டத் தின்னுட்டு ஆடிப்பாடி படுத்துத் தூங்குனான், அவ பங்கு கரை அடையவே இல்ல, நம்பி அனுப்புன கெழவிக்கு அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கூலியாளும் கெட்டது பிட்டும் கெட்டது. அந்த மத்தியானம் வந்திக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி நெனப்பேன். கதை கேக்குற நமக்கு வந்தவன் யாருன்னு தெரியும், அவளுக்குத் தெரியாது. தெரியாமலே உதுந்த பிட்ட கூலியாக் குடுத்துட்டு அடுத்த ஈடு அவிச்சுக்கிட்டு இருந்தா. உங்க நெலமையும் இப்ப அந்த மத்தியானந்தான், மீனாச்சி உங்கள விட்டுட்டான்னு நான் சொல்லமாட்டேன், உங்களையும் சொல்ல விடமாட்டேன்.

இப்ப லெட்டர் எழுதித் தந்த பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு: கண்ணு, நீதான் ஆத்தாவுக்கு வந்த ஆளு, அதனால வேலைய உங்கிட்டயே குடுக்குறேன். முதியோர் பென்ஷன் மாசம் 1,200 ரூபா வருது, ஆதரவில்லாதவங்களுக்கு 60 வயசுக்கு மேல உண்டு, ஆத்தா வாங்குறாங்களான்னு லெட்டர்ல இல்ல. வாங்கலன்னா ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு இ-சேவை மையத்துல பதிஞ்சு விடு, விஏஓ வீட்டுக்கு விசாரிக்க வர்ற அன்னைக்கு நீயும் கூட நில்லு. பென்ஷன் வாங்கித் தர்றேன்னு எவனாவது காசு கேட்டா குடுக்காத. முட்டிக்கு பெரியாஸ்பத்திரி எலும்பு ஓபிக்கு வெள்ளனயே கூட்டிட்டுப் போயிரு, எட்டு மணி ஆயிட்டா சீட்டு வாங்குற வரிசை வாசல் தாண்டிரும். அப்புறம் ஆத்தாவ தரையில உக்காந்து அடுப்பு பாக்க விடாத, உசரமா ஒரு மேடை போட்டு ஸ்டூல்ல உக்கார வை. விண்ணப்பம் போட்டதுக்கு ஒரு ரசீது குடுப்பாங்க, அத போட்டோ எடுத்து உன் போன்லயும் வச்சுக்க.